போர்டு ஸ்கூல் என்றால் எந்த போர்டு?

"எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நூற்றாண்டு மலர் போடுகிறோம். ஊரில் வயதானவர்கள் எல்லாரும் இன்னமும் அதை 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொல்கிறார்கள். அது என்ன போர்டு? பள்ளியின் வரலாற்றையும் அந்தக் கால மாணவர் வாழ்க்கையையும் எழுத வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அப்படியொரு போர்டு ஸ்கூலில் படித்தவன்தான். தஞ்சாவூர்ப் பக்கம், 1965 முதல் 1971 வரை, ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரைக்கும். பிறகு 1978-லிருந்து 2012 வரை அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தினேன். இரண்டு மூன்று மலர்க் குழுக்களில் உட்கார்ந்த அனுபவமும் உண்டு. அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர்கள் பட்டியல், அமைச்சரின் வாழ்த்து, நூறு சதவீதத் தேர்ச்சி வாங்கிய வருடங்கள், நன்கொடையாளர் படங்கள் என்று மலர் போட்டால் அதில் பள்ளிக்கூடம் இருக்காது. பள்ளிக்கூடம் அலுவலக பீரோவில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

போர்டு என்றால் ஜில்லா போர்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஊர்ப்புறத்துக்குச் சாலை போடுவது, ஆஸ்பத்திரி நடத்துவது, சத்திரம் பார்த்துக்கொள்வது, பள்ளிக்கூடம் வைப்பது எல்லாம் இந்த போர்டுகளின் பொறுப்பு. சென்னை மாகாணத்தில் 1884-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஜில்லா போர்டு, அதன் கீழ் தாலுகா போர்டு என்று அடுக்கு வைத்தது. ஆரம்பத்தில் கலெக்டரே தலைவர். 1920-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு தேர்தலில் ஜெயித்த ஊர்ப் பெரிய மனிதர்கள் கைக்கு வந்தது. தாலுகா போர்டுகளை 1934-ல் கலைத்துவிட்டார்கள். ஜில்லா போர்டு மட்டும் நின்றது. காசு எங்கிருந்து வந்தது என்றால், நிலவரியோடு சேர்த்து வாங்கிய செஸ், சாலையில் வாங்கிய சுங்கம், அரசின் மானியம், அப்புறம் பிள்ளைகள் கட்டிய சம்பளம். ஆமாம், பள்ளிக் கட்டணத்துக்கு ஊரில் 'சம்பளம்' என்றுதான் பெயர். "பையனுக்குச் சம்பளம் கட்டலை, வெளியே நிறுத்திட்டாங்க" என்பது எங்கள் அப்பா காலத்துப் பேச்சு.

போர்டைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். தஞ்சாவூர் ஜில்லா போர்டு தனியாக ரயில் பாதையே போட்டது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 1894-ல் திறந்த பாதை, விவசாயிகளிடம் செஸ் வாங்கிச் சேர்த்த பணத்தில் வந்தது. இந்த ரயிலைப் பிறகு சொல்லப்போகும் ஒரு விஷயத்துக்காக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உயர்நிலைப் பள்ளி என்பது அன்றைக்கு அபூர்வம். எல்லா ஊருக்கும் கிடையாது. தாலுகா ஆபீஸ், முன்சீப் கோர்ட், சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் இருக்கும் ஊரில் ஒன்று இருக்கும். பெரிய ஊர்களில் மிஷனரிகளும் தனியார் கல்விக் கழகங்களும் முந்திக்கொண்டார்கள். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் 1864-லேயே வந்துவிட்டது. கணிதமேதை ராமானுஜன் படித்தது அங்கேதான். அப்படி யாரும் வராத சின்ன டவுன்களில்தான் போர்டு ஹைஸ்கூல் வந்தது. பெரும்பாலும் இடம் ஒரு மிராசுதாரோ வியாபாரியோ கொடுத்திருப்பார். கட்டடத்தில் பாதி ஊர் வசூல். உங்கள் பள்ளிப் பழைய கட்டடத்தில் வெள்ளையடித்து மறைந்துபோன கல்வெட்டு ஒன்று கண்டிப்பாக இருக்கும். வாசல் நிலைக்கு மேலேயோ, வகுப்பறைத் தூணிலேயோ பாருங்கள். சுண்ணாம்பைச் சுரண்டாதீர்கள், கல் பெயர்ந்துவிடும். ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தால் போதும்.

அந்தப் பள்ளிகளில் வகுப்பு என்று சொல்ல மாட்டார்கள், பாரம் என்பார்கள். முதல் பாரம் இன்றைய ஆறாம் வகுப்பு, ஆறாம் பாரம் பதினொன்றாம் வகுப்பு. அதோடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்தது. இந்த எஸ்.எஸ்.எல்.சி. முறை 1911 வாக்கில் வந்தது. அதற்கு முன்பு பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன். எஸ்.எஸ்.எல்.சி. என்பது ஒற்றைத் தாள் சான்றிதழ் இல்லை, அட்டை போட்ட புத்தகம். பிறந்த தேதி, அங்க அடையாளம், மதிப்பெண் எல்லாம் அதில் ஏறும். கல்லூரியில் சேரத் தகுதி உள்ளவன் 'எலிஜிபிள்'. மற்றவன் வெறுமனே 'கம்ப்ளீட்டட்'. "எஸ்.எஸ்.எல்.சி. எலிஜிபிளா?" என்று பெண் வீட்டார் கேட்ட காலம் ஒன்று இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளின் பிறந்த தேதியைப் பெரும்பாலும் முதல் வகுப்பில் சேர்த்த வாத்தியார்தான் போட்டார். ஜூன் முதல் தேதிக்கு ஐந்து வயது நிறைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. என் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பதன் ரகசியம் இது. என் பிறந்தநாளும் அப்படித்தான். அம்மா கணக்குப்படி நான் அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்ட நேரத்தில் பிறந்தவன்.

ஒரு பள்ளியை மட்டும் உதாரணமாக எடுத்துப் பார்ப்போம். திருவாரூர் போர்டு ஹைஸ்கூல். கருணாநிதி படித்த பள்ளி என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. 1924-ல் திருக்குவளையில் பிறந்த பையன் ஆரம்பப் பள்ளி முடித்ததும் மேலே படிக்க 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் திருவாரூருக்கு வர வேண்டியிருந்தது. பக்கத்தில் வேறு உயர்நிலைப் பள்ளி இல்லை. நுழைவுத் தேர்வில் தேறவில்லை என்று இடம் மறுத்தார்கள். சேர்க்காவிட்டால் கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி இடம் வாங்கியதை அவரே எழுதியும் பேசியும் இருக்கிறார். பெரிய மனிதர்களின் சின்ன வயசுக் கதைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இந்தக் கதையில் ஒரு விஷயம் பொய்யாக இருக்க முடியாது. அந்த வாசலைத் தாண்ட முடியாவிட்டால் வேறு வாசல் இல்லை. குளத்தைக் காட்டி மிரட்டும் அளவுக்கு அந்த ஒரு சீட் பெரிதாக இருந்தது.

1938-ல் ராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. திருவாரூரில் பள்ளிப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஊர்வலம் போனபோது கருணாநிதிக்கு வயது 14. 'மாணவ நேசன்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார். பள்ளியிறுதித் தேர்வில் அவர் தேறவில்லை. ஆனால் கையெழுத்துப் பத்திரிகை, மாணவர் மன்றம், பேச்சுப் போட்டி மூன்றும் அவருக்கு மட்டும் கிடைத்த வரம் இல்லை. நான் படித்த காலம் வரைக்கும் எல்லா போர்டு ஸ்கூல்களிலும் இவை இருந்தன. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மாணவர் மன்றம். எழுந்து நின்று ஐந்து நிமிடம் எதையாவது பேச வேண்டும். தமிழ்நாட்டு அரசியலின் மேடைப் பேச்சு எங்கே விளைந்தது என்று ஆராய்பவர்கள் இந்த வெள்ளிக்கிழமை பீரியட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் கட்டாய இந்தி உத்தரவு 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. 1965 ஜனவரியில் மறுபடி மொழிப் போராட்டம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் டவுனில் ஹைஸ்கூல் பையன்கள் கடைத்தெருவில் போவதை அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த ஜூனில் அதே பள்ளியில் சேர்ந்தேன். 1968-ல் சட்டசபை இருமொழித் தீர்மானம் போட்ட பிறகு இந்தி வகுப்பு நின்றது. டைம்டேபிளில் அந்தக் கட்டம் காலியானது. எங்கள் பள்ளியில் அதைக் கணக்கு வாத்தியார் பிடித்துக்கொண்டார்.

சரி, போர்டு எப்போது போனது? 1950-களின் கடைசியில் ஜில்லா போர்டுகளைக் கலைத்தார்கள். 1958-ல் வந்த பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. ஆரம்பப் பள்ளிகள் அவற்றின் கீழ் போயின. 'யூனியன் ஸ்கூல்' என்று ஊரில் சொல்வது அதைத்தான். உயர்நிலைப் பள்ளிகள் போர்டே இல்லாத போர்டு ஸ்கூல்களாகக் கொஞ்ச காலம் ஓடி, 1970 ஏப்ரலில் நேரடியாக அரசுப் பள்ளிகளாயின. நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பெயர்ப் பலகையை இறக்கிப் புதிதாக எழுதி மாட்டினார்கள். வாத்தியார்களுக்கு மட்டும் பெரிய சந்தோஷம், அரசு ஊழியர் ஆகிவிட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே வருடம்தான் 'நீராருங் கடலுடுத்த' தமிழ்த்தாய் வாழ்த்தாக வந்தது. புதுப் பாட்டு, புதுப் பலகை. ஊர் மட்டும் இன்றுவரை போர்டு ஸ்கூல் என்கிறது.

இவ்வளவும் நிர்வாக வரலாறு. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. மாணவர் வாழ்க்கை என்றால் என்னைக் கேட்டால் முதலில் தூரம் என்று சொல்வேன். எவ்வளவு தூரம் நடந்து வந்தான் என்பதுதான் அவனுடைய பள்ளி வாழ்க்கையைத் தீர்மானித்தது.

காமராஜர் ஆட்சியில் ஒரு கணக்கு வைத்தார்கள்: ஒரு மைலுக்குள் ஆரம்பப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி. இன்றைக்கு இது ஏதோ புள்ளிவிவரம் மாதிரித் தெரியும். ஐந்து மைல் என்றால் எட்டு கிலோமீட்டர். பன்னிரண்டு வயதுப் பையன் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். அதைத்தான் அன்றைக்குச் 'சமீபம்' என்றார்கள். அதற்கு முந்தைய நிலைமை அதைவிட மோசம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

என் ஊரிலிருந்து பள்ளி நாலு மைல். வாய்க்கால் கரையோடு ஒன்றரை மைல், பிறகு கப்பிச் சாலை. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீர் போகும், பாலம் கிடையாது. காக்கி டிரவுசரையும் வெள்ளைச் சட்டையையும் கழற்றிப் புத்தகத்தோடு சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவோம். அக்கரையில் போய் உடுத்திக்கொள்வோம். எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்கூட அந்தப் பள்ளிக்கு வராததற்கு வேறு எந்தக் காரணமும் தேட வேண்டாம், இந்த வாய்க்கால் ஒன்றே போதும்.

டவுன் பெண்கள் படித்தார்கள். வகுப்புக்கு ஏழெட்டுப் பேர். வாத்தியார் வரும்வரை வகுப்புக்குள் வர மாட்டார்கள், தாழ்வாரத்தில் வரிசையாக நிற்பார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் பின்னாலேயே வந்து முன் பெஞ்சில் உட்காருவார்கள். அவர் போகும்போது அவரோடேயே வெளியேறுவார்கள். ஆறு வருடம் ஒரே வகுப்பில் படித்த பெண்களோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எட்டாம் வகுப்பில் ஏழு பேர், பத்தாம் வகுப்பில் மூன்று பேர். நடுவில் நின்றவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 'பெரிய மனுஷி ஆயிட்டா' என்பது அன்றைக்கு டி.சி.யில் எழுதப்படாத காரணம்.

ரயில் பையன்கள் என்று தனி ஜாதி ஒன்று இருந்தது. சொன்னேனே, போர்டு போட்ட அந்த ரயில் பாதை. இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளியிருக்கும் ஊர்ப் பையன்கள் சீசன் டிக்கெட்டில் வருவார்கள். வண்டி தாமதமானால் அவர்களும் தாமதம். முதல் பீரியட் வாத்தியார் வருகைப் பதிவை எடுக்காமல் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். எஞ்சின் ஊதும் சத்தம் கேட்ட பிறகுதான் பேர் கூப்பிடுவார். எங்கள் நாலு மைல் கோஷ்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. நடந்து வருகிறவனுக்கு ஊதுவதற்கு எஞ்சின் இல்லையே. நாங்கள் வெயிலில் முட்டி போடுவோம்.

பள்ளி மணி, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடிக்கும் பியூனுக்குத்தான் ஊரில் தலைமையாசிரியரைவிட மரியாதை அதிகம், கடைத்தெருவே அந்தச் சத்தத்தில் நேரம் பார்த்தது. மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை. டவுன் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். தூக்குவாளி கொண்டுவந்தவர்கள் புளியமரத்தடியில். பழையசோறு, ஊறுகாய், சில நாள் கருவாடு. எதுவும் கொண்டுவராதவர்களும் இருந்தார்கள். அவர்கள் மணி அடித்ததும் குளத்தங்கரைப் பக்கம் போய், இரண்டாம் மணிக்குத் திரும்பி வருவார்கள். எங்கே போனார்கள் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பில் ஒருநாள் தூக்கு கவிழ்ந்து சோறு கொட்டிப்போய் நானும் குளத்துப் பக்கம் போனேன். ஐந்தாறு பேர் படித்துறையில் உட்கார்ந்து கொடுக்காப்புளி தின்றுகொண்டிருந்தார்கள். பேச்சில்லை. எனக்கும் கொஞ்சம் தள்ளிவிட்டார்கள்.

காமராஜரின் 1956 மதிய உணவு ஆரம்பப் பள்ளிகளுக்குத்தான். எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவு 1984-ல் பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்த பிறகுதான் உயர்நிலைப் பள்ளியில் அடுப்பு எரிந்தது. அப்போது நான் வாத்தியார். சத்துணவுக் கூடம் வந்த முதல் வருடம் தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கப் பெரிய வகுப்புப் பையன்கள் கூச்சப்பட்டார்கள். வாத்தியார்களில் இரண்டு பேர் தட்டோடு போய் வரிசையில் நின்றோம். விதிப்படி அது தவறாகக்கூட இருக்கலாம்.

காமராஜர் காலத்தில் இன்னொன்றும் நடந்தது, மலரில் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். முதல் மாநாடு 1958-ல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். ஊரைக் கூட்டி, இந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டுச் சொல்லிவிடுவார்கள். ஊரார் எழுந்து ஆளுக்கொன்று ஏற்றுக்கொள்வார்கள். நிலம், ஓடு, கடிகாரம், பெஞ்சு, தண்ணீர்ப்பானை. எங்கள் பள்ளியில் பெஞ்சின் முதுகிலும் கடிகாரத்தின் கண்ணாடியிலும் 'உபயம்' என்று எழுதி ஊர்க்காரர் பெயர் இருக்கும். என் பெஞ்சு ஒரு மளிகைக் கடைக்காரர் உபயம். அவர் பேரனும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் இடத்தகராறு வந்தால் "இது எங்க தாத்தா பெஞ்சுடா" என்பான். 1960-களின் முற்பாதியில் பள்ளியிறுதி வரை கட்டணம் போனது. நான் சம்பளம் கட்டாமல் படித்த முதல் தலைமுறை. என் அண்ணனை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியது சம்பளம்தான். அந்த அண்ணன்தான் பின்னாளில் எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தந்தார்.

ஆனால் 'போர்டு ஸ்கூல் எல்லாருக்கும் பொதுவான பள்ளி' என்று மலரில் எழுதிவிடாதீர்கள். சட்டத்தில் பொதுவாக இருந்தது. 1920-களை ஒட்டியே, பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்தே ஆகவேண்டும், அவர்கள் நுழைய முடியாத தெருக்களில் பள்ளி இருந்தால் இடத்தை மாற்ற வேண்டும் என்று அரசாணைகள் வந்தன. அப்படி ஆணை போட வேண்டியிருந்தது என்பதிலேயே நிலைமை தெரிகிறது. என் காலத்தில் அவர்களுக்கென்று தனித் தண்ணீர்ப்பானை இல்லை. ஆனால் ஹாஸ்டல் பையன்கள் என்று ஒரு பெயர் இருந்தது. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கியவர்களை வாத்தியார்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டவர் தமிழய்யா ஒருவர்தான். இன்றைக்கும் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதி பார்க்கிற பள்ளிகள் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு, நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டு, அது 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. நூற்றாண்டு மலரில் இதற்கெல்லாம் இடமா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். நூறு வருடத்தை எழுதுகிறீர்கள் என்றால் இடம் உண்டு.

அடி விஷயமும் அப்படித்தான். பழைய மாணவர் யாரிடம் கட்டுரை கேட்டாலும், "அந்த வாத்தியார் அடித்த அடியில்தான் நான் இன்றைக்கு இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்" என்று எழுதித் தருவார். எங்கள் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் புளியவிளாருக்குப் பயந்து எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவே இல்லை. அவனிடம் எந்த மலர்க்குழுவும் கட்டுரை கேட்காது. நானும் வாத்தியாராக ஆரம்ப வருடங்களில் கை நீட்டியிருக்கிறேன். ஒரு பையன் அதனால் நின்றுபோனான் என்று தெரிந்த பிறகு விட்டேன்.

நல்லதும் நிறைய இருந்தது, சொல்லாமல் விட்டால் பாவம். டிரில் மாஸ்டர் பூப்பந்துக்கு எங்களைப் பழக்கிய விதம்; வட்டாரப் போட்டிக்கு லாரியில் நின்றுகொண்டே போனது; ஆண்டு விழா நாடகத்துக்கு ஊரில் வேஷ்டி, சால்வை கடன் வாங்கியது; ஆய்வுக்கு டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்) வருகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே செடிக்குத் தண்ணீர் ஊற்றியது. நெசவு வாத்தியார் ஒருவர் இருந்தார். தறியில் நாங்கள் நெய்த துண்டைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினால், "இதுல சல்லடைதான் போடலாம்" என்பார். தேர்வு முடிவு பேப்பரில் எண்ணாக வரும். டவுனுக்கு ஒரே கட்டு பேப்பர் ரயிலில் வந்து இறங்கும். பிளாட்பாரத்திலேயே பிரித்து, ஒருவன் பெஞ்சு மேல் ஏறி எண்களை உரக்க வாசிப்பான். தன் எண் தாண்டிப் போனவன் மெதுவாக ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் நடந்துவிடுவான்.

1978-ல் பிளஸ் ஒன் வந்தது. அதுவரைக்கும் பதினொன்று முடித்தவன் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரி இருக்கும் பெரிய ஊருக்குப் போக வேண்டும். 10+2 முறையில் அந்த இரண்டு வருடமும் பள்ளிக்கே வந்துவிட்டது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில். சின்ன டவுன் பள்ளியின் வரலாற்றில் 1970-ஐவிட இதுதான் பெரிய மாற்றம் என்பேன். இயற்பியல், வேதியியல் ஆய்வகம் வந்தது. சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கு இது இன்னும் பெரிது. வெளியூர் ஹாஸ்டலில் தங்காமல் கல்லூரி வாசல் வரை போய்விடலாம். பல ஊர்களில் பெண்கள் பள்ளியைத் தனியாகப் பிரித்ததும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண உதவிக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். கல்யாணத்துக்காகவாவது படிக்க வைத்தார்கள். அது 2022-ல் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாறியது.

2001-02-ல் பதினொன்றாம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குச் சைக்கிள் தந்தார்கள். பிறகு படிப்படியாக எல்லா மாணவ மாணவியருக்கும் வந்தது. அரசியல்வாதிகள் படம் ஒட்டிய சைக்கிள் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. நான் அப்போது வேறொரு பள்ளியில் இருந்தேன். ஒருநாள் மாலை நாலரைக்கு வாசலில் நின்று பார்த்தேன். பாவாடையைச் சொருகிக்கொண்டு முப்பது பெண்கள் ஒரே வரிசையில் கப்பிச் சாலையில் போனார்கள். எங்கள் வாய்க்கால் ஞாபகம் வந்தது.

இடையில் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் வந்து, 'தாத்தா பெஞ்சு' குடும்பங்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போனதைத் தனியாக விவரிக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். பெஞ்சு கொடுத்த குடும்பம் போனதும் ஊர் பள்ளியைக் கேள்வி கேட்பதை நிறுத்தியது என்பது மட்டும் என் குறை.

இப்போது அந்த பீரோ. உங்கள் பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். முதல் நாளிலிருந்து சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. சேர்ந்த தேதி, பெயர், தகப்பனார் பெயர், தொழில், ஊர், முன்பு படித்த பள்ளி, நின்ற தேதி, நின்ற காரணம். பத்து வருடத்துக்கு ஒரு வருடம் என்று எடுத்து, இரண்டு பத்திகளை மட்டும் எண்ணுங்கள்: தகப்பனார் தொழில், ஊர். ஒரு பள்ளியில் நான் அப்படிச் செய்து பார்த்தேன். 1930-களில் 'மிராசு', 'குமாஸ்தா', 'வக்கீல்' என்றே பக்கம் பக்கமாகப் போகிறது. 1950-களின் பிற்பாதியில் முதன்முதலாக 'விவசாயக் கூலி' என்று ஒரு வரி வருகிறது. அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். எந்த வருடம் எந்தக் கிராமத்திலிருந்து முதல் பிள்ளை வந்தது, எந்தக் கிராமத்திலிருந்து முதல் பெண் வந்தாள் என்று தெரிந்துவிடும். அதுதான் உங்கள் மலரின் முதல் கட்டுரை.

பதிவேட்டில் சாதியும் பிறந்த தேதியும் இருக்கும், உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை அச்சில் ஏற்றாதீர்கள், எண்ணிக்கை போதும். பக்கத்திலேயே ஆய்வுக் குறிப்புப் புத்தகம் இருந்தால் அதையும் பாருங்கள், கூரை எப்போது ஒழுகியது, எந்தப் பாடத்துக்கு வாத்தியார் இல்லை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஜில்லா போர்டுத் தீர்மானங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பம் கொடுத்துப் பாருங்கள், நேரம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமையே தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். நான் பார்த்த பள்ளியில் 1946 முதல் 1949 வரை இருந்த தொகுதியைத் திறந்தபோது அட்டை மட்டும்தான் இருந்தது. உள்ளே முழுக்கக் கரையான் மண்.